தம்பிக்கும் இருக்கலாம்

பிப்ரவரி 6

தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. எழுதுவது என்றால், சொல்வது நான். பேனா பிடிப்பது உன் அண்ணி. நான் பள்ளிக்கூட வாசலோடு திரும்பியவன் என்பது உனக்குத் தெரியாததல்ல. போனில் சொல்லலாம் என்றால், மரம் அறுக்கும் மில்லில் போன காது இன்னும் திரும்பி வரவில்லை. முகத்துக்கு நேரே பேசினால் பிடிபடும்; போனில் நீ கத்துவாய், எனக்கு இரைச்சல்தான் கேட்கும். அதுவும் நீ எடுத்தால்தானே.

நமக்குள் இருபத்திமூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. ஏன் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இதை எழுதிக்கொண்டிருப்பவளுக்கும் தெரியும். உன் கைக்குழந்தைக்கு வலிப்பு வந்த அன்று, தூக்கி வைத்திருந்த இவள் கையிலிருந்து அவனைப் பிடுங்கி, "பெத்துப் பழகாதவ கை பட்டா இப்படித்தான் ஆகும்" என்று நாலு பேர் முன்னால் சொன்னாய். நீலக் கோடு போட்ட சட்டை போட்டிருந்தாய். இடது கைப் பொத்தான் இல்லை. அதை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இடுப்புக்குக் கீழே இடது பக்கம் எனக்கு ஒரு வீக்கம் வாலிபத்திலிருந்தே உண்டு. குடலிறக்கம் என்று நானே பெயர் வைத்து, துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு காலமெல்லாம் மரம் தூக்கினேன். போன மழைக்காலத்தில் அது கல் மாதிரி ஆகிவிட்டது. உன் அண்ணி பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். சிறுநீர்ப் பாதை வியாதிகளுக்கும் அது சேர்ந்த உறுப்புகளுக்கும் என்று தனிப் பிரிவு. டாக்டரம்மா சின்ன வயது. தொட்டுப் பார்த்ததும் முகம் மாறியது.

"ஐயா, விதை ரெண்டும் எப்பவாவது கீழ இறங்கி இருந்ததா?"

"பொறந்ததுலேர்ந்தே இல்லம்மா."

"இத்தனை வயசுல யாருகிட்டயும் காட்டலையா?"

"இதை எங்க போய்க் காட்டுறது? மத்ததெல்லாம் ஒழுங்காத்தானே இருக்கு."

உன் அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். அப்புறம் சுரங்கம் மாதிரி ஒரு மிஷினுக்குள் தள்ளிப் படம் எடுத்தார்கள். ரத்தம் எடுத்து எங்கேயோ அனுப்பினார்கள். எல்லாம் வந்தபின் எங்கள் இருவரையும் உட்காரவைத்து டாக்டரம்மா ஒரு தாளில் படம் போட்டார். "பயப்படாம கேளுங்க. உங்க வயித்துக்குள்ள ஒரு கர்ப்பப்பை இருக்கு. சின்னது. ரெண்டு குழாயும் இருக்கு."

வேறு யாருக்கோ சொல்கிறார் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

தம்பி, மில்லில் எனக்கு வைத்த பெயர் யானை. மூன்று பேர் தூக்கும் மரத்தை ஒருவனாகப் புரட்டியவன். அந்த யானை வயிற்றில் கர்ப்பப்பை. டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். தாய் வயிற்றில் எல்லாக் குழந்தைக்கும் ஆரம்பத்தில் ஆண் வகை, பெண் வகை இரண்டும் இருக்குமாம். ஆண் பிள்ளை என்றால் ஒரு சுரப்பு வந்து பெண் வகையைக் கரைத்துவிடுமாம். எனக்கு அது கரைக்காமல் விட்டுவிட்டது. ரத்தத்தில் பார்த்தாயிற்று, நான் ஆண்தான், அதில் சந்தேகமே இல்லை என்றார். இதற்கு நீளமாக ஒரு பெயர் சொன்னார். உன் அண்ணி இரண்டு தடவை எழுதிப் பார்த்து அடித்துவிட்டாள்.

கல்லானது கர்ப்பப்பை இல்லை. வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்ட விதையில் ஒன்று. அதில் புற்று. இறங்காமல் உள்ளே இருப்பதில் அப்படி வர வாய்ப்பு அதிகமாம். எல்லாவற்றையும் சேர்த்து எடுக்கப்போகிறார்கள்.

எங்களுக்குப் பிள்ளை இல்லாததற்கும் இதுதான் காரணம் என்றார் டாக்டரம்மா. இந்தக் குறை உள்ளவனுக்குப் பிள்ளை பிறக்காது. உன் அண்ணி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அப்ப நான் இத்தனை வருஷம் தின்ன மருந்தெல்லாம்?" டாக்டரம்மா படம் போட்ட தாளை மடித்தார். அப்புறம் இவளே, "சரி, ஆபரேஷன் எப்போன்னு சொல்லுங்க" என்றாள்.

உனக்கு எழுதுவதன் காரணம் இனிமேல்தான். இது ரத்தத்தோடு வருவது. கூடப் பிறந்த ஆண்களில் நாலில் ஒருவனுக்கு இருக்கலாமாம். "தம்பி இருக்காருன்னா உடனே பார்க்கச் சொல்லுங்க" என்றார். போய்ப் பார்த்துவிடு. என்மேல் உள்ள கோபத்தை ஸ்கேன் எடுத்தபிறகு வைத்துக்கொள்.

அண்ணன்

பிப்ரவரி 17

மதிப்பிற்குரியவருக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் உடல்நிலை குறித்து வருந்துகிறேன். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிய வேண்டும்.

மற்ற விஷயங்களில் என் நிலையைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். தங்கள் குறை தங்களுடையது. அதை என் தலையில் ஏற்றுவதற்கு ஒரு முகாந்திரமும் இல்லை. தங்கள் கடிதத்திலேயே, இக்குறை உள்ளவருக்குக் குழந்தை பிறக்காது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இருபத்துநான்கு வயதில் மகன் இருக்கிறான். இதற்குமேல் சான்று தேவையில்லை. பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம் உழைத்துத் தலைமை எழுத்தராக இருப்பவனுக்கு எது சான்று, எது வதந்தி என்று தெரியும்.

அன்றைக்கு நான் சொன்னது ஒரு தகப்பனின் பதற்றத்தில் வந்த வார்த்தை. அதை இத்தனை வருடம் பத்திரப்படுத்தி, சமயம் பார்த்து இப்படி ஒரு கடிதமாக அனுப்புவது தங்களுக்கு அழகல்ல. எழுதிய கை யாருடையது என்று சொல்லியிருக்கிறீர்கள். அதனால் சொல்ல வைத்ததும் யார் என்று எனக்குப் புரிகிறது.

வீட்டு முகவரிக்கு இத்தகைய விஷயங்களை எழுத வேண்டாம். உறையை என் மனைவி பிரித்துப் படித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இப்படிக்கு,
தங்கள் இளைய சகோதரன்

பிப்ரவரி 26

தம்பிக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணி படித்துக் காட்டினாள். "சொல்ல வைத்தது யார்" என்ற இடத்தில் நிறுத்தாமல், குரல் மாறாமல் படித்தாள். அந்தக் குரலுக்காகவே உன்னை இரண்டு சாத்து சாத்தலாம். படுக்கையில் இருக்கிறேன், பிழைத்துப் போ.

ஆபரேஷன் ஆகிவிட்டது. தொப்புளுக்குக் கீழே ஒரு சாண் கோடு. எடுத்ததை ஒரு ஜாடியில் போட்டு மேலும் சோதிக்க அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த வாரத்திலிருந்து கீமோ. உள்ளே சுரந்த ஆண் சத்து இனிச் சுரக்காது, அதற்கு ஊசி போட்டுக்கொள்ள வேண்டுமாம். பக்கத்துப் படுக்கைக்காரர் மூத்திரக் கல்லுக்கு வந்தவர். "உங்களுக்கு என்னங்க எடுத்தாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்து எனக்கு எடுத்துட்டாங்க" என்றேன். அப்புறம் கேட்கவில்லை.

படிக்கிற டாக்டர்கள் ஒரு கும்பலாக வந்தார்கள். டாக்டரம்மா முதலில் என்னிடம் அனுமதி கேட்டார். "பார்க்கட்டும்மா, ஆனா எவனும் சிரிக்கக் கூடாது" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் மட்டும் போகும்போது திரும்பி, "இத்தனை வருஷம் மரம் தூக்கும்போது வலிச்சுதா தாத்தா?" என்றது. வலித்தது தம்பி. நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

இப்போது உன் கதை. உனக்கு இல்லை என்கிறாயே, எனக்குத் தெரியாதா? எனக்குப் பத்து வயது, உனக்கு மூன்று. குழாயடியில் அம்மா நம் இரண்டு பேரையும் ஒன்றாக நிறுத்திக் குளிப்பாட்டுவாள். எனக்கு இரண்டு பக்கமும் காலி. உனக்கு இடது பக்கம் இருந்தது, வலது பக்கம் காலி. அம்மா சோப்புக் கையோடு நின்று அப்பாவிடம், "பெரியவனுக்குத்தான் இல்ல, சின்னவனுக்கு ஒண்ணாவது இருக்கே" என்றாள். அப்பா வாயில் பல்குச்சி. "வயசு வந்தா இறங்கிடும், வாயை மூடு" என்றார். இறங்கியதா? உனக்குக் கல்யாணமான புதிதில் வலது பக்கம் வீங்கி, சைக்கிளில் ஏற முடியாமல் தள்ளிக்கொண்டே அலுவலகம் போனாய். கேட்டதற்கு டயர் பஞ்சர் என்றாய். டயரில் காற்று கல்லு மாதிரி இருந்தது. நான் அமுக்கிப் பார்த்தேன்.

ஆகவே உனக்கும் இருக்கிறது. எனக்கு ஸ்கேன் வேண்டாம், நான் பார்த்திருக்கிறேன். அதில் எப்போது கல் விழும் என்று யாருக்கும் தெரியாது. வீம்பை விட்டுவிட்டுப் போ.

அண்ணன்

மார்ச் 7

அண்ணனுக்கு,

வென்றுவிட்டீர்கள்.

உங்கள் இரண்டு கடிதங்களையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். முதல் கடிதத்தில்: இக்குறை உள்ளவனுக்குப் பிள்ளை பிறக்காது. இரண்டாவதில்: உனக்கு அந்தக் குறை இருக்கிறது. மூன்றாவது வரியை நீங்கள் எழுதவில்லை. எழுதத் தேவையில்லாமல் செய்துவிட்டீர்கள். இவ்வளவு நேர்த்தியான மனுவை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை.

நீங்கள் சொன்னது உண்மைதான். வலது பக்கம் இன்றைக்கும் காலி. வீக்கம் வந்து போகும். என் மனைவிக்குக்கூட நான் அதைச் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. ஏன் கேட்டதில்லை என்று இப்போது யோசிக்கிறேன். கல்யாணமாகி ஏழு வருடம் கழித்துத்தான் பையன் பிறந்தான். ஏன் ஏழு வருடம்? அந்த ஏழாவது வருடம் நான் பயிற்சிக்கென்று வெளியூரில் இருந்தேன். எப்போது போனேன், எப்போது வந்தேன் என்று மனம் உட்கார்ந்து கூட்டிக் கழிக்கிறது. நிறுத்த முடியவில்லை. அவனுடைய பழைய புகைப்படங்களை எடுத்துக் காதைப் பார்க்கிறேன், விரலைப் பார்க்கிறேன். வாரா வாரம் போன் பண்ணி, "அப்பா, பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்கிற பிள்ளை. போன தடவை அவன் பெயரைத் திரையில் பார்த்தும் நான் எடுக்கவில்லை.

நேற்று அவளிடம் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் மடித்து முடித்தாள். என் சட்டைகளை மட்டும் தனியாக எடுத்து நாற்காலியில் வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். 

ஸ்கேனுக்கு நான் போகப்போவதில்லை. போய், ஆமாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் எனக்கு மகன் இல்லை. போகாமல் இருந்தால் சந்தேகம் மட்டும்தான். உள்ளே கல் விழுவதென்றால் விழட்டும். அப்பனாகவே சாகிறேன்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். இது தெரிந்துதான் எழுதினீர்களா? அன்றைக்கு நான் சொன்ன ஒரு வார்த்தைக்கு, இது பதிலா?

தம்பி

மார்ச் 13

தம்பி,

இல்லை.

முதலில் அதைச் சொல்லிவிட்டேன். இப்போது மற்றதைக் கேள். நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்.

உன் கடிதத்தை உன் அண்ணிதான் படித்தாள். பாதியில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். முடித்ததும் என்னைப் பார்த்தாளே ஒரு பார்வை. முதல் கடிதம் எழுதிய அன்று, "பிள்ளை பிறக்காது" என்று நான் சொன்ன இடத்தில் இவள் பேனாவை எடுத்துவிட்டாள். "இது உங்களுக்குச் சொன்னதா, எல்லாருக்கும் சொன்னதா? கேட்டுட்டு எழுதலாமே" என்றாள். நான்தான், "அந்தம்மா சொன்னதைத்தானே சொல்றேன், நீ எழுது" என்று அதட்டினேன். எழுதினாள். உன்மேல் பழி தீர்க்கக் காரணம் உள்ளவள் உனக்காகப் பேனாவை நிறுத்தினாள். எனக்குத்தான் அந்த அளவு புத்தி போகவில்லை. உன்னைப் பிடித்துத் தள்ளியாவது ஆஸ்பத்திரியில் விட வேண்டும் என்ற ஒரே வேகம்.

இந்தக் கடிதம் வந்த அன்றே டாக்டரம்மாவைப் பார்க்கப் போனோம். கீமோ ஏறிய உடம்பு, வழியில் இரண்டு இடத்தில் வாந்தி. உள்ளே நுழைந்ததும் உன் கடிதத்தை உன் அண்ணி அவர் கையில் கொடுத்தாள். கோபித்துக்கொள்ளாதே. படித்துவிட்டு அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயா, நான் எப்ப அப்படிச் சொன்னேன்? உங்களுக்குப் பிறக்கலைன்னுதானே சொன்னேன்! உங்களுக்கு ரெண்டுமே வயித்துக்குள்ள. வயித்துச் சூட்டுல அதால வேலை செய்ய முடியாது. உங்க தம்பிக்கு ஒண்ணு கீழ இறங்கியிருக்குன்னா கதையே வேற."

"அப்ப பிறக்குமாம்மா?"

"பிறக்கும். எல்லாருக்கும்னு சொல்ல மாட்டேன். ஆனா பிறந்திருக்கு, புத்தகத்துலயும் இருக்கு, நானே ஒருத்தரைப் பார்த்திருக்கேன். தாமதமா ஆகும். சில பேருக்கு வருஷக்கணக்கா ஆகும்."

ஏழு வருஷம் ஆகுமா என்று உன் அண்ணி கேட்டாள். ஆகலாம் என்றார்.

அதோடு நிறுத்தவில்லை அந்தம்மா. "பிள்ளையைப் பத்தி அப்புறம் பேசலாம். உள்ள இருக்கிறதை முதல்ல பார்க்கச் சொல்லுங்க. அம்பத்தஞ்சு வயசாச்சு, இனி தள்ளிப்போடுற விஷயமில்ல" என்றார். உன் ஊரில் இதைப் பார்க்கிற ஒருவரின் பெயரை எழுதித் தந்தார். தனித் தாளில் இத்தோடு வைத்திருக்கிறேன்.

அப்பனாகச் சாகிறேன் என்று எழுதியிருக்கிறாய். செத்துப்போனால் அவன் கேட்பதற்கு மாத்திரை ஏது? முதலில் அவன் போனை எடு. அப்புறம் ஆஸ்பத்திரி. அதற்கெல்லாம் முன்னால் உன் வீட்டுக்காரியிடம் போய் நில். என்ன சொல்வது என்று என்னைக் கேட்காதே. நான் பேசியதுதான் இவ்வளவையும் இழுத்துவிட்டது.

அண்ணன்

ஏப்ரல் 4

அண்ணனுக்கு,

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் இருக்கிறேன். நீங்கள் குழாயடியில் பார்த்தது சரி. வலது பக்கத்தது வயிற்றுக்குள், சிறுநீர்ப்பையை ஒட்டி இருந்தது. கூடவே உங்களுக்கு இருந்தது மாதிரியே அந்தப் பை, விரல் நீளம். விந்துக் குழாய் அதன் ஓரமாக ஒட்டிக்கொண்டு வருவதால், இடது பக்கத்துக்குச் சேதம் வராமல் பிரித்தெடுக்க நேரம் ஆனதாம். புற்று இல்லை. ஆனால் செல்கள் மாற ஆரம்பித்திருந்தன, இன்னும் சில வருடம் விட்டிருந்தால் உங்களுடையது போலத்தான் என்றார் டாக்டர். என் உயிரை நீங்கள் காப்பாற்றியிருக்கிறீர்கள். இந்த வாக்கியத்தை எழுத எனக்கு ஒரு காலைப் பொழுது ஆனது.

இனி எழுதுவதற்கு எவ்வளவு ஆகுமோ தெரியவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்தபின் அவளிடம் போய் நின்றேன். டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். "ஆஸ்பத்திரிக்கு யார் கூட வர்றது?" என்று மட்டும் கேட்டாள். அவளே வந்தாள். கையெழுத்துப் போட்டாள், வெளியில் காத்திருந்தாள், கஞ்சி வைத்துக் கொண்டுவந்தாள். பேசவில்லை. பேசாவிட்டாலும் இருக்கிறாளே என்று இருந்தேன்.

அறுவைக்கு முன்னால் ஒரு பரிசோதனைக்கு விந்து கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். இந்த வயதில் அதற்கு ஒரு குப்பியைக் கையில் கொடுத்து அறையைக் காட்டும்போது மனிதனுக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது. தையல் பிரிக்கிற அன்று அதன் முடிவைப் பார்த்து டாக்டர் சொன்னார்: "உயிரணு இருக்கு சார். குறைவுதான், ஆனா இருக்கு. சின்ன வயசுல இன்னும் நல்லாவே இருந்திருக்கும். மகன் இருக்கார்னீங்க இல்ல? ஆச்சரியப்பட ஒண்ணுமே இல்ல."

அவள் பக்கத்தில்தான் இருந்தாள். அந்த நிமிடத்தில் எழுந்து அவள் காலைப் பிடித்திருந்தால் போதும். நான் என்ன செய்தேன் தெரியுமா? முப்பது வருடப் பழக்கம். நகல் வந்தால் அசலைக் கேட்பேன், அசல் வந்தால் முத்திரையைக் கேட்பேன். என் வாய் தானாகக் கேட்டது: "உறுதியா சொல்ல முடியுமா டாக்டர்?"

"இதை வெச்சு உறுதின்னு சொல்ல முடியாது. உங்களுக்கு உறுதி வேணும்னா அப்பா பிள்ளை ரத்தத்தை ஒத்துப் பார்க்கிற பரிசோதனை தனியா இருக்கு."

"அதையும் எடுத்துடலாமே" என்றேன். அண்ணா, மின் கட்டணத்தையும் சேர்த்துக் கட்டிவிடலாம் என்கிற குரலில் சொன்னேன்.

அவள் எழுந்தாள். "தையல் பிரிச்சாச்சா டாக்டர்? இனி இவருக்கு ஆள் வேணுமா?" என்று கேட்டாள். வேண்டியதில்லை, கனம் மட்டும் தூக்கக் கூடாது என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டாள். மாத்திரைகளைக் காலை, மாலை என்று பிரித்து வைத்தாள். ஒரு பையை எடுத்துக்கொண்டு அவளுடைய அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். வாசலில் நின்று ஒன்று சொன்னாள்: "நம்ம பையன்கிட்ட ரத்தம் கேட்டுப் போனீங்கன்னா, ஏன் கேட்கிறீங்கன்னு அவன் கேப்பான். அதுக்கு என்ன சொல்லணும்னு யோசிச்சு வெச்சுக்குங்க."

அண்ணியிடம் கேட்டு எழுதுங்கள். அவர்களிடம் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை என்று தெரியும். நான் என்ன செய்ய வேண்டும்?

தம்பி

ஏப்ரல் 11

தம்பி,

புற்று இல்லை என்ற வரியை உன் அண்ணியை மூன்று தடவை படிக்கச் சொன்னேன். "எனக்கு வேற வேலை இல்லையா?" என்று சொல்லிக்கொண்டே படித்தாள்.

எனக்குத் தலைமுடி போய்விட்டது. புருவமும் போய்விட்டது. கண்ணாடியில் பார்த்தால் உரித்த கிழங்கு. சத்து ஊசி போட்ட அன்று கோபம் வருகிறது, தீர்ந்த வாரம் அழுகை வருகிறது. "இத்தனை நாள் இதுல எது நீங்க, எது சுரப்புன்னே தெரியலையே" என்கிறாள். இவளுக்கு வாய் கூடிவிட்டது. கூடட்டும்.

நீ கேட்டதை இவளிடம் கேட்டேன். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டாள். நான் ஒன்று சொல்லி எழுதச் சொன்னேன், "அறிக்கையைக் கிழிச்சுப்போட்டுட்டு போய்க் கூப்பிடு, வந்துடுவா" என்று. எழுத மாட்டேன் என்றாள். "வந்துடுவான்னு உங்களுக்கு யார் சொன்னது? மறுபடியும் தெரியாததை எழுதச் சொல்றீங்க" என்றாள். விட்டுவிட்டேன், அதாவது அந்தப் புத்திமதியை.

அப்புறம் இவளாகப் பேசினாள். நான் சொல்லாமல் இவள் சொன்னதை இவளையே எழுதச் சொல்கிறேன். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் எழுதுகிறாள்.

"டாக்டரம்மா காரணத்தைச் சொன்ன அன்னிக்கு எனக்கு நிம்மதியா இருக்கும்னு எல்லாரும் நினைச்சிருப்பீங்க. இல்ல. என் மேல தப்பு இல்லேன்னு எனக்கு முன்னாடியே தெரியும். ஸ்கேன் எடுக்காமலே தெரியும். உங்களுக்குத்தான் காகிதம் வந்தப்புறம் தெரிஞ்சுது. உங்க தம்பி பொண்டாட்டி கதையும் அதுதான். அவளுக்குத் தெரிஞ்சதைத் தெரிஞ்சுக்க அவருக்கு ரத்தம் வேணுமாம்."

தம்பி, நான் இவளை ஒருநாளும் மலடி என்று சொன்னதில்லை. சொன்னவர்களோடு சண்டை போட்டேன், உன்னை விட்டேன். ஆனால் மருந்துக் கடைக்கு இவளைத்தான் அனுப்பினேன். நானும் ஒரு கை மருந்து வாங்கித் தின்றுபார்க்கிறேன் என்று எனக்குத் தோன்றவேயில்லை. இதற்கு நான் என்ன செய்யப்போகிறேன் என்று தெரியவில்லை. ஆகவே உனக்குப் புத்தி சொல்லும் இடத்தில் நான் இல்லை.

போ. எதையும் கையில் எடுத்துக்கொண்டு போகாதே. அவ்வளவுதான் சொல்ல முடியும். கனம் தூக்காதே.

அண்ணன்

ஏப்ரல் 20

அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

இதை என் மடியில் வைத்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருக்கும், அண்ணி பொறுத்துக்கொள்ள வேண்டும். அவளுடைய அக்கா வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறேன். எதிர் வீட்டில் ஒருவர் வண்டி கழுவிக்கொண்டு என்னையே பார்க்கிறார்.

காலையில் பையன் போன் செய்தான். எடுத்தேன். "அம்மா அங்க இல்லையாமே, என்னப்பா சண்டை?" என்றான். "என் தப்புடா" என்றேன். "என்ன தப்பு?" என்றான். சொல்ல முடியவில்லை. அவள் வாசலில் நின்று சொன்னது அப்போதுதான் உறைத்தது. அப்படியே கிளம்பி வந்துவிட்டேன்.

அவளேதான் கதவைத் திறந்தாள். "தையல் எப்படி இருக்கு?" என்றாள். ஆறிவிட்டது என்றேன்.

"அந்தப் பரிசோதனை?"

"எடுக்கலை. எடுக்கவும் மாட்டேன்."

"இப்ப மாட்டீங்க. அஞ்சு வருஷம் கழிச்சு அவன் ஏதாவது எதிர்த்துப் பேசுவான். அன்னிக்கு உங்க மனசு என்ன சொல்லும்?"

"ஒண்ணும் சொல்லாது."

"என்கிட்டேர்ந்து ஒரு வார்த்தை வராது. சத்தியமும் பண்ண மாட்டேன். ரத்தமும் கிடையாது, முத்திரையும் கிடையாது. அது இல்லாம இருக்க முடியுமா உங்களால?"

"முடியும்" என்றேன், கேட்டு முடிப்பதற்குள்ளாகவே.

அவள் வாசற்படியைக் காட்டினாள். "உள்ள வரணும்கிறதுக்காகச் சொல்றீங்க. அப்படி உட்கார்ந்து நல்லா யோசிச்சுட்டு, உண்மையா தோணுறதைச் சொல்லுங்க. முடியாதுன்னாலும் பரவாயில்ல, சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் சொன்னது சரி. உள்ளே போவதற்காகத்தான் சொன்னேன். இப்போது உட்கார்ந்த பிறகுதான் யோசிக்கவே ஆரம்பித்திருக்கிறேன். பையன் முகத்தை நினைத்தால் முடியும் என்று தோன்றுகிறது. அடுத்த நொடியே உள்ளே ஒரு எழுத்தர், ஆதாரம் எங்கே என்கிறான். அவனை வெட்டி எடுக்க எந்த டாக்டரும் இல்லை. அவன் கேட்டுக்கொண்டேதான் இருப்பான் போலிருக்கிறது. அவன் கேட்கும்போதெல்லாம் நான் பதில் சொல்லாமல் இருந்தால் போதுமா? அதற்குப் பெயர் முடியும் என்பதா? இதைத்தான் அவளிடம் சொல்லப்போகிறேன். வேறு எதுவும் என்னிடம் இல்லை.

கதவை அவள் சாத்தவில்லை. உள்ளே குக்கர் விசில் அடிக்கிறது. எத்தனை பேருக்கு வைத்திருக்கிறாள் என்று இங்கிருந்து தெரியவில்லை.

தம்பி